ஏர் எடுத்த பிறகும் பிரேக் பெடல் இறுகவில்லையா? பழைய கார்களுக்கான முழுமையான வழிகாட்டி

தர்மபுரியில் பழைய கார் வைத்திருப்பவருக்கு பிரேக்கைப் பற்றிய கவலை சமவெளி ஊர்க்காரரைவிட ஒரு பிடி கூடுதலாகவே இருக்க வேண்டும். தெற்கே சேலம் போவதென்றால் தொப்பூர் கணவாயில் இறங்கியாக வேண்டும். மேற்கே ஒகேனக்கல் போவதென்றால் பென்னாகரம் தாண்டியதும் சாலை மலையை வளைத்து வளைத்துக் கீழே இறங்குகிறது. தொப்பூர் சரிவில் லாரிகளின் பிரேக் லைனிங் (ஷூவில் ஒட்டிய உராய்வுப் பட்டை) கருகும் வாடை கண்ணாடி வழியாக உள்ளே வரும்போதெல்லாம் என் கால் தானாகவே பெடலைத் தொட்டுப் பார்க்கும்.

நான் ஓட்டுவது 1966-ஆம் ஆண்டு அம்பாசடர் மார்க் 2, அப்பா வைத்துவிட்டுப் போன வண்டி. நான்கு சக்கரங்களிலும் டிரம் பிரேக்: சக்கரத்தோடு சுழலும் டிரம்மின் உட்சுவரில் ஷூ என்ற வளைந்த கட்டைகள் விரிந்து உரசி வண்டியை நிறுத்தும். நான்குக்கும் சேர்த்து ஒரே ஹைட்ராலிக் சுற்று, அதாவது பெடலின் அழுத்தத்தை ஆயில் வழியாகக் கொண்டுபோகும் ஒரே குழாய்த் தொடர். எந்த மூலையில் ஆயில் ஒழுகினாலும் மொத்த பிரேக்கும் போய்விடும். பிறகு கையில் மிஞ்சுவது ஹேண்ட் பிரேக் ஒன்றுதான். இப்போது வரும் கார்களில் ஒரு சுற்று போனால் இன்னொன்று காப்பாற்றும். நம் வண்டிகளுக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. அதனால்தான் 'ஏர் எடுத்தாயிற்று, ஓரளவு பிடிக்கிறது, போய் வரலாம்' என்ற பேச்சை நான் ஒருபோதும் ஏற்பதில்லை.

பெடல் மெத்தென்று இருந்தால் உடனே நிப்பிளை (வீல் சிலிண்டரில் இருக்கும் துளையுள்ள சிறு திருகை) திறந்து ஏர் எடுக்க, அதாவது குழாய்க்குள் புகுந்த காற்றை வெளியேற்ற, தொடங்குவது பட்டறைகளில் வழக்கம். இறுகவில்லையென்றால் மறுபடியும் எடுப்பார்கள். ஒரு லிட்டர் பிரேக் ஆயில் தீர்ந்தும் பெடல் அப்படியே கிடக்கும். காரணம், பல நேரங்களில் அங்கே காற்றே இருப்பதில்லை. ஷூ தளர்ந்திருக்கும், அல்லது ரப்பர் தேய்ந்திருக்கும், அல்லது காற்று வெளியேற முடியாத இடத்தில் நிப்பிள் மாட்டப்பட்டிருக்கும். ஏர் எடுப்பது மருந்து என்றால், நோய் என்னவென்று தெரிந்துகொள்வது அதற்கு முந்தைய வேலை. இந்த வழிகாட்டியும் அந்த வரிசையில்தான் போகிறது.

முதலில் பெடலைக் காலால் படியுங்கள்

வண்டியைச் சமதரையில் நிறுத்தி, எஞ்சினை அணைத்துவிட்டு, ஓட்டுநர் இருக்கையில் அமருங்கள். ஸ்பானரை எடுக்க வேண்டாம். பெடலை மெதுவாக ஒரு முறை அழுத்திப் பிடியுங்கள். பிறகு விட்டு விட்டு நான்கைந்து முறை அழுத்துங்கள். கடைசியாக, அழுத்தியபடியே ஒரு நிமிடம் காலை எடுக்காமல் இருங்கள். இந்த மூன்று சோதனைகளிலும் பெடல் நடந்துகொள்ளும் விதத்தைக் கவனித்தால் பாதி விடை கிடைத்துவிடும்.

முதல் அழுத்தில் பெடல் பாதிக்கு மேல் இறங்கி, இரண்டாவது அழுத்தில் உயரே வந்து கல்லாக நின்றால், அது பெரும்பாலும் காற்று இல்லை. ஷூவுக்கும் டிரம்முக்கும் இடையே இடைவெளி அதிகமாகிவிட்டது. முதல் அழுத்து அந்த இடைவெளியை நிரப்பவே செலவாகிறது. எத்தனை முறை ஏர் எடுத்தாலும் இது மாறாது; ஷூவை அட்ஜஸ்ட் செய்தால் பத்து நிமிடத்தில் மாறும்.

எத்தனை முறை அழுத்தினாலும் அடியில் ரப்பர் பந்தை மிதிப்பது போலத் துள்ளினால் காற்று இருக்க வாய்ப்பு அதிகம். ஆனால் உப்பிய ஹோஸும் (சக்கரத்துக்கு ஆயில் கொண்டுபோகும் ரப்பர் குழாய்), டிரம்மின் வளைவோடு சரியாகப் பொருந்தாத புது ஷூவும் இதே உணர்வைத்தான் தரும். இந்த ஒற்றுமைதான் அதிகம் ஏமாற்றுகிறது.

முதலில் இறுகி நின்ற பெடல், கால் வைத்திருக்க வைத்திருக்க மெல்ல மெல்லத் தரையை நோக்கி இறங்கினால், எங்கோ ஆயில் நழுவுகிறது. நான்கு சக்கரங்களின் உட்புறத்தையும் தரையையும் பாருங்கள். ஈரம் எங்குமே இல்லையென்றால், பெடலின் அழுத்தத்தில் ஆயிலைச் சக்கரங்களுக்குத் தள்ளும் மாஸ்டர் சிலிண்டருக்குள் இருக்கும் ரப்பர் கப் தேய்ந்து, ஆயில் அதைத் தாண்டிப் பின்னால் போகிறது. இந்த வண்டியை அன்றே நிறுத்திவிட வேண்டும். கடைத்தெரு வரைகூட ஓட்டக் கூடாது.

பெடல் கல் போல இருக்கிறது, ஆனால் வண்டி நிற்கவில்லை என்றால் அது வேறு கதை. லைனிங்கில் ஆயிலோ கிரீஸோ பட்டிருக்கலாம். லைனிங் பளபளவென்று கண்ணாடியாகியிருக்கலாம். சக்கரத்தில் ஷூவைத் தள்ளும் வீல் சிலிண்டரின் பிஸ்டன் துருவேறி அசையாமல் நின்றிருக்கலாம். இதற்கும் காற்றுக்கும் தொடர்பே இல்லை.

காற்று இருக்கிறதா என்பதை உறுதி செய்ய எளிய வழி ஒன்று உண்டு. மாஸ்டர் சிலிண்டருக்கு ஆயில் தரும் ரிசர்வாயரின் மூடியைத் திறந்து வையுங்கள். உதவிக்கு ஒருவரை அமர்த்தி, பெடலைப் பல முறை அழுத்தி, கடைசி முறை அழுத்திப் பிடித்து, சட்டென்று காலை எடுக்கச் சொல்லுங்கள். குழாய்க்குள் காற்று இருந்தால், அது அழுத்தத்தில் சுருங்கியிருந்து ஒரே நொடியில் விரியும். ஆயில் ஊற்றுப் போல மேலே பீறிடும். காற்று இல்லையென்றால் லேசான சலனம் மட்டும் தெரியும். முகத்தைத் துளைக்கு நேராக வைத்துப் பார்க்காதீர்கள். பிரேக் ஆயில் கண்ணில் பட்டால் உடனே நிறையத் தண்ணீர் விட்டுக் கழுவ வேண்டும்.

வேலையைத் தொடங்கும் முன்

ஜாக்கியில் மட்டும் நிற்கும் காருக்குக் கீழே யாரும் போகக் கூடாது. ஸ்டாண்ட் வைத்து, தரையில் நிற்கும் சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கல் வைத்த பிறகே சக்கரத்தைக் கழற்றுங்கள். டிரம்மைத் திறந்தால் உள்ளே இருக்கும் கருப்புத் தூளை வாயால் ஊதுவதும் காற்றுக்குழாயால் அடிப்பதும் வேண்டாம். பழைய லைனிங்குகளில் ஆஸ்பெஸ்டாஸ் கலந்திருக்கும். அந்தத் தூள் நுரையீரலுக்குள் போனால் வெளியே வராது. ஈரத் துணியால் துடைத்து, அந்தத் துணியைப் பையில் கட்டி அப்புறப்படுத்துங்கள்.

நிப்பிள்களில் முந்தைய நாளே துரு நீக்கும் எண்ணெய் விட்டு ஊற வைப்பது நல்லது. துருப்பிடித்த நிப்பிளை வேகமாகத் திருகினால் தலை முறிந்து, வீல் சிலிண்டரையே மாற்ற வேண்டி வரும். ஆறு முனையும் பிடிக்கும் ரிங் ஸ்பானர்தான் இதற்கு உகந்தது. இரண்டு முனை மட்டும் பிடிக்கும் ஸ்பானர் நிப்பிளின் மூலைகளை வழித்துவிடும். அளவையும் கவனியுங்கள்: அம்பாசடரில் அங்குல மரை, பியட்டில் மில்லிமீட்டர் மரை. ஒன்றின் நட்டை இன்னொன்றில் பலவந்தமாக ஏற்றினால் சில சுற்று பிடிப்பது போல இருக்கும். பிறகு அழுத்தம் வரும்போது ஒழுகும்.

சீல் பிரிக்காத பிரேக் ஆயில் ஒரு லிட்டர், ஒரு கண்ணாடிப் பாட்டில், நிப்பிளில் இறுக்கமாகப் பிடிக்கும் ஒளி ஊடுருவும் குழாய் இரண்டடி, ஒரு மரக்கட்டை, பொறுமையுள்ள ஒரு துணையாள். இவை போதும். என் வண்டிக்கு என் மனைவிதான் பெடல் அழுத்துவார். மெக்கானிக்கைவிட அவர், நான் சொன்னதைச் சொன்னபடி செய்வதால் வேலை சீக்கிரம் முடிகிறது.

ஏர் எடுப்பதற்கு முன் ஷூ

இந்தப் படியைத் தாண்டிப் போகிறவர்கள்தான் அதிகம். டிரம் பிரேக்கில் ஷூ தளர்ந்திருந்தால், வீல் சிலிண்டரின் பிஸ்டன் வெகுதூரம் நகர வேண்டும். அந்த நிலையில் ஏர் எடுத்தாலும் பெடல் தாழ்ந்தே இருக்கும், நீங்கள் காற்று மிச்சமிருக்கிறது என்று நினைப்பீர்கள்.

அம்பாசடரின் முன் சக்கரம் ஒவ்வொன்றிலும் இரண்டு வீல் சிலிண்டர்கள். ஒவ்வொரு ஷூவுக்கும் தனி அட்ஜஸ்டர். சக்கரத்தைக் கழற்றி, டிரம்மின் முகத்தில் இருக்கும் துளையை அட்ஜஸ்டருக்கு நேராகக் கொண்டுவந்து, தட்டை ஸ்க்ரூ டிரைவரால் திருப்ப வேண்டும். ஒன்றை மட்டும் திருப்பிவிட்டு இன்னொன்றை மறந்துவிடும் பட்டறைகளை நான் பார்த்திருக்கிறேன். பின் சக்கரத்தில் ஒரே அட்ஜஸ்டர்தான். வேறு பல வண்டிகளில் பின்தட்டில் (டிரம்முக்குப் பின்னால், ஷூக்களைத் தாங்கும் தட்டில்) இருக்கும் போல்ட்டைத் திருப்ப வேண்டியிருக்கும்.

டிரம் கையால் சுற்ற முடியாதபடி இறுகும் வரை திருப்புங்கள். பெடலை ஒரு முறை பலமாக அழுத்தி விடுங்கள். ஷூக்கள் டிரம்முக்குள் நடுவில் வந்து அமரும். மறுபடியும் திருப்பிப் பார்த்தால் இன்னும் ஒன்றிரண்டு கிளிக் இடம் கிடைக்கும். இப்படியே நான்கையும் இறுக்கிய நிலையில் விட்டுவிடுங்கள். ஏர் எடுத்து முடிக்கும் வரை தளர்த்த வேண்டாம். பிஸ்டன்கள் அதிகம் வெளியே வராததால் சிலிண்டருக்குள் காற்று தங்கும் இடமும் குறைகிறது.

இறுக்கியவுடன் பெடலை அழுத்திப் பாருங்கள். இப்போதே உயரே நின்று இறுகிவிட்டால் உங்கள் வண்டியில் காற்றே இல்லை. அட்ஜஸ்டர்களை டிரம் உரசாமல் சுற்றும் அளவுக்குத் தளர்த்தி, ஹேண்ட் பிரேக் கேபிளைச் சரிபார்த்துவிட்டு வேலையை முடிக்கலாம்.

புது லைனிங் ஒட்டிய ஷூவாக இருந்தால் இன்னொரு சோதனை. டிரம்மின் உட்பரப்பில் சாக்பீஸைத் தேய்த்து, டிரம்மை மாட்டி, பிரேக்கை லேசாகப் பிடித்தபடி இரண்டு சுற்று சுற்றிக் கழற்றுங்கள். லைனிங் முழுவதும் வெள்ளை ஒட்டியிருந்தால் பொருத்தம் சரி. நடுவில் மட்டும் அல்லது இரு முனைகளில் மட்டும் ஒட்டியிருந்தால், அழுத்தம் வரும்போது ஷூ வில் போல வளைகிறது. அந்த வளைவைத்தான் உங்கள் கால் 'காற்று' என்று உணர்கிறது. பல முறை கடைந்த டிரம்களில் இது கட்டாயம் வரும், ஏனென்றால் டிரம்மின் வட்டம் பெரிதாகிவிட்டது, ஷூவின் வட்டம் பழையதாகவே இருக்கிறது. லைனிங் ஒட்டும் கடையில் டிரம்மையும் கொடுத்து, அதற்கேற்பத் தேய்த்துத் தரச் சொல்லுங்கள்.

ஏர் எடுக்கும் முறை

மாஸ்டர் சிலிண்டருக்கு மிகத் தொலைவில் இருக்கும் சக்கரத்தில் தொடங்குவது பொது விதி. ஓட்டுநர் இருக்கை வலப்பக்கம் இருக்கும் நம் வண்டிகளில் இது பின் இடது. பிறகு பின் வலது, முன் இடது, கடைசியாக முன் வலது. உங்கள் வண்டியின் கையேடு வேறு வரிசை சொன்னால் அதையே பின்பற்றுங்கள்.

பழைய அம்பாசடரில் மாஸ்டர் சிலிண்டர் ஓட்டுநரின் காலடித் தளத்துக்குக் கீழே இருக்கிறது. கால்மிதியை விலக்கி, மூடியைச் சுற்றியிருக்கும் மண்ணை முழுவதும் துடைத்துவிட்டுத்தான் திறக்க வேண்டும். அறுபது வருடச் செம்மண் அங்கே படிந்திருக்கும். ஒரு மணல் துகள் உள்ளே விழுந்தாலும் ரப்பர் கப்பைக் கீறிவிடும். அந்த ரிசர்வாயர் சிறியது. ஐந்தாறு அழுத்துக்கு ஒரு முறை ஆயில் மட்டத்தைப் பார்த்து நிரப்புங்கள். ஒரே ஒரு முறை வற்றிவிட்டால் மாஸ்டர் சிலிண்டர் காற்றை உறிஞ்சிவிடும். எல்லாவற்றையும் முதலிலிருந்து செய்ய வேண்டும்.

பாட்டிலில் இரண்டு அங்குலம் புது ஆயில் ஊற்றி, குழாயின் முனை அதற்குள் மூழ்கியிருக்கும்படி வையுங்கள். குழாய் நிப்பிளிலிருந்து முதலில் மேல்நோக்கி வளைந்து, பிறகு பாட்டிலுக்குள் இறங்க வேண்டும். அப்படி இருந்தால் வெளியே வந்த குமிழி மேலே போய் நின்றுகொள்ளும். திரும்ப உள்ளே நுழையாது.

பெடலின் கீழே மரக்கட்டையை வைப்பதற்குக் காரணம் இருக்கிறது. தினசரி ஓட்டத்தில் மாஸ்டர் சிலிண்டரின் பிஸ்டன் போரின் (சிலிண்டரின் உட்துளையின்) ஒரு பகுதியில் மட்டும் நகர்கிறது. அதற்கு அப்பால் உள்ள பகுதியில் ஆண்டுக்கணக்காகத் துருவும் பிசினும் படிந்திருக்கும். ஏர் எடுக்கும்போது பெடலைத் தரை வரை மிதித்தால் ரப்பர் கப் அந்தக் கரடுமுரடின் மேல் ஏறி இறங்கிக் கிழிந்துபோகும். நேற்று வரை நன்றாக இருந்த மாஸ்டர் சிலிண்டர், ஏர் எடுத்த மறுநாள் கெட்டுப்போவதற்கு இதுவே பெரும்பாலும் காரணம்.

இனி ஒழுங்கு: நிப்பிள் மூடியிருக்க, துணையாள் பெடலின் மேல் கால் வைத்து மிதமாக அழுத்துகிறார். நீங்கள் நிப்பிளைக் கால் சுற்று முதல் அரைச் சுற்று வரை திறக்கிறீர்கள். பெடல் இறங்குகிறது. அது கட்டையைத் தொடும் முன் நிப்பிளை மூடுகிறீர்கள். மூடியாயிற்று என்று நீங்கள் சொன்ன பிறகே அவர் காலை எடுக்க வேண்டும். அடுத்த அழுத்துக்கு முன் மூன்று நான்கு நொடி பொறுங்கள். ரிசர்வாயரிலிருந்து ஆயில் இறங்கி நிரம்ப அவ்வளவு நேரம் தேவை. வேகவேகமாக மிதித்தால் பெரிய குமிழி நுரையாக உடைந்து ஆயிலோடு கலந்துவிடும். நுரையாகிவிட்ட காற்றை வெளியேற்ற இயலாது. ஓரிரு மணி நேரம் வண்டியை அப்படியே விட்டுவிட்டு மறுபடி தொடங்குங்கள்.

ஆனால் மிக மெதுவாக அழுத்துவதும் தவறு. பின் சக்கரத்துக்குப் போகும் குழாய் ஓரிடத்தில் மேலேறி இறங்குகிறது. அந்த மேட்டில் தங்கிய காற்றைத் தள்ளிக்கொண்டு போக ஆயிலுக்கு ஓரளவு வேகம் வேண்டும். நீளமான, நிதானமான, ஒரே சீரான அழுத்து. குமிழி வருவது நின்ற பிறகும் ஐந்தாறு முறை தொடருங்கள். ஆயிலின் நிறம் புது ஆயிலின் நிறத்துக்கு வரும் வரை.

நிப்பிளைத் திறந்தும் ஒன்றுமே வரவில்லையென்றால் நிப்பிளை முழுவதும் கழற்றி, மெல்லிய கம்பியால் அதன் குறுக்குத் துளையைக் குத்திச் சுத்தம் செய்யுங்கள். பழைய நிப்பிள்களில் பாதி அடைத்தே கிடக்கும். நிப்பிளைக் கழற்றிய துளையிலும் ஆயில் வரவில்லையென்றால் அந்தச் சக்கரத்துக்குப் போகும் ஹோஸ் உள்ளே வீங்கி அடைத்துக்கொண்டிருக்கிறது.

நிப்பிள் மேலே இருக்கிறதா?

என் வண்டிக்கு நான்கு சக்கரங்களுக்கும் புது கிட் (சிலிண்டர்களுக்கான ரப்பர் பாகங்கள்) போட்ட வருடம் அது. பட்டறையில் எல்லாவற்றையும் கழற்றி மாட்டினார்கள். இரண்டு நாள் ஏர் எடுத்தார்கள். குழாயில் ஒரு குமிழிகூட வரவில்லை. ஆனாலும் பெடல் மெத்தையாகவே இருந்தது. மாஸ்டர் சிலிண்டரை மாற்றச் சொன்னார்கள். நான் வண்டியை மெதுவாக வீட்டுக்கு ஓட்டி வந்து, ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுவதும் ஒவ்வொரு சக்கரமாகப் பார்த்தேன். முன் இடது சக்கரத்தில் விடை இருந்தது.

முன் சக்கரத்தின் இரண்டு சிலிண்டர்களையும் பின்தட்டில் ஒரு சிறு குழாய் இணைக்கிறது. ஹோஸ் ஒரு சிலிண்டருக்கு வருகிறது. நிப்பிள் மற்றொன்றில் இருக்கிறது. நிப்பிள் இருக்கும் சிலிண்டரில் இரண்டு துளைகள். இரண்டிலும் ஒரே மரை. மாட்டியவர் இணைப்புக் குழாயை மேல் துளையிலும் நிப்பிளைக் கீழ்த் துளையிலும் மாட்டியிருந்தார். ஆயில் கீழே இருக்கும் நிப்பிள் வழியாகச் சுத்தமாக வெளியே வந்துகொண்டே இருந்தது. காற்று மேலே பத்திரமாக உட்கார்ந்திருந்தது. நூறு முறை ஏர் எடுத்தாலும் அது வெளியே வந்திருக்காது. இரண்டையும் இடம் மாற்றி, நான்கு முறை அழுத்தினேன். பெடல் கல்லாகிவிட்டது. அன்று எனக்கு வந்த நிம்மதியும் கோபமும் இன்னும் நினைவிருக்கிறது. அந்த நிலையில் நான் தொப்பூர் இறங்கியிருந்தால் என்ற எண்ணம்தான் கோபத்துக்குக் காரணம்.

ஆகவே, ஒவ்வொரு சக்கரத்திலும் நிப்பிள் அந்தச் சிலிண்டரின் மிக உயரமான இடத்தில் இருக்கிறதா என்று கண்ணால் பாருங்கள். இடது வலது சிலிண்டர்களை மாற்றி மாட்டியிருந்தாலும் இதே கோளாறு வரும். சிலிண்டரைக் கழற்றி மாட்ட நேரமில்லையென்றால், தற்காலிகமாக அதைப் பின்தட்டிலிருந்து விடுவித்து, நிப்பிள் மேலே வரும்படி சாய்த்து, பிஸ்டன் வெளியே வராமல் கிளாம்ப்பால் பிடித்து ஏர் எடுக்கலாம். இது நோயைக் கண்டுபிடிக்க உதவும் வழி மட்டுமே.

காற்று எந்தப் பகுதியில்?

இன்னும் பெடல் மெத்தென்று இருந்தால் சுற்றைத் துண்டு துண்டாகப் பிரித்துத்தான் தேட வேண்டும். மாஸ்டர் சிலிண்டரிலிருந்து வெளியே போகும் குழாயைக் கழற்றி, அந்தத் துளையைச் சரியான மரையுள்ள அடைப்பான் போட்டு இறுக்கி மூடுங்கள். இப்போது பெடலை அழுத்தினால் அது சிறிதளவு மட்டுமே நகர்ந்து பாறையாக நிற்க வேண்டும். நின்றால் மாஸ்டர் சிலிண்டர் நல்லது. கோளாறு அதற்கு அப்பால். மெத்தென்று இருந்தால் காற்று மாஸ்டர் சிலிண்டருக்குள்ளேயே இருக்கிறது. மெல்ல இறங்கினால் ரப்பர் கப் போய்விட்டது.

மாஸ்டர் சிலிண்டர் நல்லது என்று தெரிந்தால், அம்பாசடரில் மூன்று ஹோஸ்கள்: முன்னால் இரண்டு, பின் ஆக்ஸிலுக்கு ஒன்று. ஹோஸ் புதிதாக இருந்தால் மட்டும், முனை மழுங்கிய அகலமான கிளாம்ப்பால் மூன்றையும் மென்மையாக நெரித்துவிட்டு, ஒவ்வொன்றாக விடுவித்துப் பெடலைப் பாருங்கள். எதை விடுவிக்கும்போது பெடல் தளர்கிறதோ அங்கேதான் வேலை. பழைய ஹோஸை நெரிக்காதீர்கள், உள்சுவர் பிளந்துவிடும்.

ஹோஸைச் சோதிக்க வேறு வழி, துணையாள் அழுத்தும்போது அதை விரல்களால் சுற்றிப் பிடித்துப் பார்ப்பது. விரலுக்குள் உப்புவது தெரிந்தால் உடனே மாற்றுங்கள். வயது தெரியாத ஹோஸ் என்றால் சோதனையே தேவையில்லை, மூன்றையும் மாற்றிவிடுங்கள். உள்ளே பிய்ந்த ஹோஸ் ஒரு வழி வால்வாக மாறிவிடுவதும் உண்டு. அழுத்தினால் ஆயில் போகும், விட்டால் திரும்பாது. அந்தச் சக்கரம் மட்டும் பிடித்துக்கொண்டே ஓடும்.

மாஸ்டர் சிலிண்டருக்குள் மூன்று சின்ன விஷயங்கள்

காவேரிப்பட்டணம் பக்கம் ஒரு சித்திரை வெயிலில், நண்பரின் பிரீமியர் பத்மினி ஓடிக்கொண்டிருக்கும்போதே பிரேக் தானாகப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டது. சாலையோரத்தில் அரை மணி நேரம் ஆற விட்டதும் தானாக விடுபட்டது. கிருஷ்ணகிரி போய்ச் சேர்வதற்குள் மறுபடியும் பிடித்தது. அதற்கு முந்தைய வாரம்தான் பெடலை உயர்த்துவதற்காக ஒருவர் புஷ் ராடை (பெடலிலிருந்து மாஸ்டர் சிலிண்டரின் பிஸ்டனைத் தள்ளும் கம்பியை) நீட்டி வைத்திருந்தார்.

முதலாவது, மாஸ்டர் சிலிண்டரில் ரிசர்வாயருக்கும் போருக்கும் இடையே ஊசி முனை அளவுக்கு ஒரு துளை உண்டு. பெடல் முழுவதும் விடுபட்ட நிலையில்தான் அது திறந்திருக்கும். பிரேக் சூடாகும்போது விரிவடையும் ஆயில் அந்தத் துளை வழியாகத் திரும்ப வேண்டும். புஷ் ராடுக்கும் பிஸ்டனுக்கும் இடையே இடைவெளி இல்லாவிட்டால் பிஸ்டன் முழுவதும் திரும்பாது. துளை மூடியே இருக்கும். சூடு ஏற ஏற ஆயில் விரிந்து தானாகவே பிரேக்கை அழுத்தும். ஏர் எடுக்கும்போதும் இதே கோளாறு குறுக்கே நிற்கும்: ரிசர்வாயரிலிருந்து ஆயில் இறங்காது. பெடலைக் கையால் தள்ளினால் முதலில் சில மில்லிமீட்டர் தடையின்றி நகர வேண்டும். பிறகு பிஸ்டனைத் தொட்டு அழுத்தத் தொடங்கியதும் ரிசர்வாயருக்குள் மெல்லிய பீச்சல் ஒன்று தெரிய வேண்டும். இரண்டும் இருந்தால் அந்தத் துளை நன்றாக இருக்கிறது.

இரண்டாவது, வெளியேறும் வாயில் இருக்கும் செக் வால்வு. டிரம் பிரேக் சுற்றில் பெடலை விட்ட பிறகும் சிறிதளவு அழுத்தம் மிஞ்சியிருக்கும்படி அது பார்த்துக்கொள்கிறது. அந்த அழுத்தம்தான் வீல் சிலிண்டரின் ரப்பர் கப்புகளை விரித்துப் பிடித்து, காற்று உள்ளே நுழையாமல் தடுக்கிறது. கிட் மாற்றும்போது இந்த வால்வை மாட்ட மறந்துவிட்டாலோ தலைகீழாக மாட்டினாலோ, இன்று இறுகிய பெடல் நாளை மறுபடி தளர்ந்திருக்கும். 'வாரம் ஒரு முறை ஏர் எடுக்க வேண்டியிருக்கிறது' என்று யாராவது சொன்னால் நான் முதலில் கேட்பது இந்த வால்வைப் பற்றித்தான். நிப்பிளைத் திறந்து வைத்தால் தானாக ஒழுகிக் காற்று வெளியேறும் என்ற முறை சில வண்டிகளில் பலிக்காததற்கும் இதுவே காரணம்.

மூன்றாவது, புது மாஸ்டர் சிலிண்டரை வண்டியில் மாட்டும் முன்பே அதிலிருந்து காற்றை எடுத்துவிடுவது. வைஸில் பிடித்து, ஆயில் நிரப்பி, வெளியேறும் வாயிலிருந்து ஒரு குழாயை ரிசர்வாயருக்குள்ளேயே திருப்பி விட்டு, மழுங்கிய கம்பியால் பிஸ்டனை மெதுவாகத் தள்ளித் தள்ளி விடுங்கள். குமிழி நின்ற பிறகு மாட்டினால் பாதி நேரம் மிச்சம்.

போரில் குழிக்குழியாகத் துரு இருந்தால் புது கிட் சில மாதம்கூடத் தாங்காது. தேய்த்துப் பளபளப்பாக்குவதால் குழி மறையாது. லெத் பட்டறையில் ஸ்லீவ் (உட்குழாய்) போட்டு அசல் அளவுக்குக் கொண்டுவருவது, அல்லது சிலிண்டரையே மாற்றுவது. வேறு வழியைத் தேடாதீர்கள்.

பிரேக் ஆயில்

கழுவுவதற்கு பெட்ரோல், டீசல், மண்ணெண்ணெய் ஆகியவற்றைத் தொடவே கூடாது. இந்த வழக்கம் நம் பட்டறைகளில் ஆழமாக வேரூன்றியிருக்கிறது. பெட்ரோலிய எண்ணெய் ஒரு துளி போதும். ரப்பர் கப்புகள் ஊறி உப்பிக் கூழாகிவிடும். எஞ்சின் ஆயில் ஊற்றிய புனலைப் பிரேக் ஆயிலுக்குப் பயன்படுத்தினாலும் அதே கேடு. கழுவ பிரேக் ஆயில் அல்லது சுத்தமான ஸ்பிரிட் (ஆல்கஹால்) மட்டுமே.

பிரேக் ஆயிலின் தர வகைகளான டாட் 3, டாட் 4 ஆயில்கள் காற்றிலிருக்கும் ஈரத்தை உறிஞ்சும். டாட் 3 புதிதாக இருக்கும்போது அதன் கொதிநிலை குறைந்தது 205 டிகிரி செல்சியஸ் இருக்க வேண்டும், 3.7 சதவீதம் தண்ணீர் சேர்ந்துவிட்டால் அது 140 வரை இறங்கலாம். டாட் 4-க்கு அந்த எண்கள் 230, 155. சமதளத்தில் ஓட்டும்போது இந்த வேறுபாடு தெரியாது. நீண்ட சரிவில் டிரம் கொதிக்கும்போதுதான் தெரியும். வீல் சிலிண்டருக்குள் ஆயில் ஆவியாகும்; ஆவி சுருங்கும்; பெடல் தரைக்குப் போய்விடும். ஆறிய பிறகு பார்த்தால் எல்லாம் சரியாக இருக்கும், எந்த மெக்கானிக்காலும் கோளாறு கண்டுபிடிக்க முடியாது. 'மலையில் மட்டும் பிரேக் போகிறது, வீட்டில் நன்றாக இருக்கிறது' என்றால் பழைய ஆயிலை முழுவதும் மாற்றுங்கள். இரண்டு ஆண்டுக்கு ஒரு முறை, ஓட்டினாலும் ஓட்டாவிட்டாலும், நான் மாற்றிவிடுகிறேன். போன வருடம் திறந்து மிச்சம் வைத்த பாட்டிலை வண்டிக்கு ஊற்ற வேண்டாம்.

டாட் 5 சிலிக்கான் வகை. அது டாட் 3, டாட் 4 ஆகியவற்றோடு கலக்காது; நுண்ணிய குமிழிகளையும் விடாமல் பிடித்துக்கொள்ளும். பெயரில் அடுத்த எண் என்பதால் மேலானது என்று வாங்கி ஊற்றிவிடாதீர்கள். சிந்திய ஆயில் பெயின்ட்டை உரித்துவிடும். துடைப்பதோடு நிற்காமல் தண்ணீர் ஊற்றிக் கழுவுங்கள்.

சாலைக்குப் போகும் முன், போன பின்

அட்ஜஸ்டர்களை டிரம் உரசாமல் சுற்றும் அளவுக்குத் தளர்த்தியாயிற்றா? நிப்பிள்கள் இறுகி, மூடியோடு இருக்கின்றனவா? பெடலைப் பலங்கொண்ட மட்டும் ஒரு நிமிடம் அழுத்திப் பிடித்தபடி, துணையாளை டார்ச் விளக்கோடு நான்கு சக்கரங்களின் பின்புறத்தையும் எல்லா இணைப்புகளையும் பார்க்கச் சொல்லுங்கள். சாதாரண அழுத்தில் ஒழுகாத இணைப்பு இந்த அழுத்தில் காட்டிக்கொடுக்கும். ஹேண்ட் பிரேக் தனியாகவே வண்டியை நிறுத்துகிறதா என்பதையும் பாருங்கள்.

முதல் ஓட்டம் வீட்டு வாசலுக்குள், நடை வேகத்தில். அடுத்தது ஆள் நடமாட்டம் இல்லாத சமமான சாலையில், முப்பது கிலோமீட்டர் வேகத்திலிருந்து பத்துப் பன்னிரண்டு முறை நிறுத்திப் பார்ப்பது. ஒரு பக்கம் இழுத்தால், இழுக்காத பக்கத்துச் சக்கரத்தில் காற்றோ அசையாமல் நின்ற பிஸ்டனோ இருக்கலாம். மறுநாள் காலை, வண்டியை எடுக்கும் முன், முதல் அழுத்திலேயே பெடல் நேற்றைய உயரத்தில் நிற்கிறதா என்று பாருங்கள். ஒரு இரவில் தளர்ந்திருந்தால் செக் வால்வு அல்லது ஏதோ ஒரு வீல் சிலிண்டர்.

இவை அனைத்தும் ஒரு வாரம் மாறாமல் இருந்த பிறகே நான் தொப்பூர் பக்கம் வண்டியைத் திருப்புவேன். சரிவு தொடங்கும் முன்பே கியரைக் குறைத்து, எஞ்சினே வண்டியைப் பிடிக்கும்படி விட்டு, பெடலை விட்டு விட்டுத் தொடுவேன். காலை அதன் மேலேயே வைத்திருப்பதில்லை. கணவாய் இறங்கி முடிந்ததும் சாலையை விட்டு விலகி, பாதுகாப்பான இடத்தில் நிறுத்தி, நான்கு டிரம்களுக்கும் அருகே புறங்கையைக் கொண்டுபோய்ப் பார்ப்பேன், தொடாமல். முன்னிரண்டும் ஒரே சூடு, பின்னிரண்டும் ஒரே சூடு என்றால் பயணத்தைத் தொடரலாம். ஒன்று மட்டும் அனலாக இருந்தால் அது பிடித்துக்கொண்டே வந்திருக்கிறது. ஒன்று மட்டும் குளிர்ந்திருந்தால் அது வேலையே செய்யவில்லை. எந்தச் சக்கரம் என்று டேஷ்போர்டில் இருக்கும் நோட்டில் எழுதிக்கொள்வேன். வீட்டுக்கு வந்ததும் ஜாக்கி முதலில் அங்கேதான் ஏறும்.